மறுபாதி சொல்கிறவள்

அன்று ஜெபமாலையில் பதில் கொஞ்சம் முந்தி வந்துவிட்டது.

அனிதா மேரி முதல் பாதியைச் சொல்லி நிறுத்த வேண்டும். அதன் பிறகுதான் இடைக்கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் மகள் அமலி மறுபாதியைத் தொடங்க வேண்டும். அனுமந்தன்பட்டியில் ஜெபமாலை சொல்கிற எந்த வீட்டிலும் இதுதான் வழக்கம். ஒருவர் பாதியைச் சொல்ல, கூட இருப்பவர்கள் மீதியை வாங்கிக்கொள்வார்கள். இப்போதுதான் பேச்சு வந்த பிள்ளைக்குக்கூட அந்த இடம் பிசகாது. ஆனால் அன்று அனிதாவுக்கு இருமல் பிடித்து, வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிட்டது. அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருக்கும்போதே கதவுக்கு அடியிலிருந்து அந்தச் சின்னக் குரல் மீதியைச் சொல்ல ஆரம்பித்தது. அவசரமே இல்லை அதில். அவள் சொல்லி முடித்தது போலவே நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனது.

பிள்ளைக்குப் பசி போல, சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். பெற்றவள் வேறு என்னத்தை நினைப்பாள்?

கொரோனாவின் இரண்டாவது அலை ஊரைப் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்த மே மாதம் அது. அனிதா உத்தமபாளையத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். கடை மூடுவதற்கு முந்தின வாரம் காய்ச்சல் வந்தது. பரிசோதனையில் அவளுக்கு இருக்கிறது என்றும் ஆறு வயது அமலிக்கு இல்லை என்றும் வந்தது. புருஷன் ஆண்டனி ராஜ் கேரளாவில் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். செக்போஸ்ட்டை மூடிவிட்டதால் மலைக்கு அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டான். இங்கே அவளுக்கு ஒத்தாசை என்றால் வீட்டின் மறுபங்கில் இருந்த மூத்தார் லூர்துநாதனும் அவர் பெண்டாட்டி ஜெசிந்தாவும்தான்.

ஒரே வீட்டை அண்ணன் தம்பி இரண்டாகப் பிரித்துக்கொண்டது அது. மூத்தவர் பங்குக்கு வாசல் மேலத்தெருவில். இளையவன் பங்குக்குக் கீழத்தெருவில். முதுகோடு முதுகு ஒட்டிய அந்த இரண்டு பங்குக்கும் நடுவில், பச்சை பெயின்ட் அடித்த இடைக்கதவு ஒன்று. பாகம் பிரித்த நாளில் இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் போட்டு ஆணியும் அடித்துவிட்டார்கள். தரை தேய்ந்து போனதால் கதவுக்கு அடியில் ஓர் இடுக்கு இருந்தது. ஒரு பிஸ்கட்டைப் படுக்கவைத்துத் தள்ளினால் நுழையும். விரல் என்றால் நுனி மட்டும் போகும், அதற்கு மேல் போகாது.

"நீ ஏன்டி கலங்குற?" என்று சொல்லித்தான் ஜெசிந்தா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். "அசலூருக்கா கூட்டிட்டுப் போறேன்? இந்தச் செவுத்துக்கு அங்கிட்டுத்தான இருக்கப் போறா. நீ இருமுனாக்கூட எங்களுக்குக் கேக்கும்."

"அக்கா, சாயங்காலம் ஜெபமாலை சொல்றப்ப மட்டும் அவளக் கதவுகிட்ட ஒக்கார வைங்க. குரலக் கேட்டாப் போதும் எனக்கு."

"இதெல்லாம் ஒரு விஷயமா? ஒக்கார வச்சாப் போச்சு."

பிறகு பேரூராட்சி ஆட்கள் வந்து கீழத்தெரு வாசலில் தகரம் அடித்தார்கள். ஒவ்வொரு அடியும் அவள் மண்டைக்குள்தான் இறங்கியது. எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள், ஏதோ அவள் திருடி மாட்டிக்கொண்டவள் என்கிற மாதிரி.

முதல் சாயங்காலம் பாத்திமா மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றி, இடைக்கதவை ஒட்டிச் சம்மணமிட்டு உட்கார்ந்து ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. முதல் பத்து மணிகளுக்கும் இரண்டு பாதியையும் தானே சொன்னாள். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இரண்டாவது பத்தின் நடுவில்தான் அது கேட்டது. முதலில் 'ஆமென்' மட்டும். அடுத்த மணிக்கு அதற்கு முந்தின வார்த்தையும் சேர்ந்தது. மணிக்கு மணி ஒவ்வொரு வார்த்தையாகக் கூடிக் கூடி, ஐந்தாவது பத்து வருவதற்குள் மறுபாதி முழுசாக வந்துவிட்டது. வெட்கப்பட்டுக்கொண்டு சொல்கிறாள் என் தங்கம் என்று அனிதா அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்தச் சத்தம்தான் அவளைப் பிடித்து நிறுத்தியது. பகலெல்லாம் வீடு அவளைத் தின்றது. விரலில் மாட்டுகிற மிஷின் காட்டும் ஆக்சிஜன் நம்பரைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போனது. மாதா கோயிலில் துக்க மணி அடிக்கும்போதெல்லாம் யார் என்று கேட்கக்கூட ஆள் இல்லை. மூக்கு செத்துப் போயிருந்தது. காப்பியும் டெட்டாலும் ஒன்றுதான் அவளுக்கு. ஒரே ஒரு இடத்தில் மட்டும் வாசனை தெரிந்தது. இடைக்கதவுக்கு அடியில் குனிந்தால், தோண்டிப் போட்ட ஈரமண்ணும் சிக்குப் பிடித்த பழைய தேங்காயெண்ணெயும் கலந்த ஒரு வாடை. பிள்ளை தலைக்கு ஜெசிந்தா எண்ணெய் வைத்து விடுகிறாள் போல என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஜெபம் முடிந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவி, மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு, ஒரு பிஸ்கட்டை இடுக்கில் தள்ளுவாள். அது சட்டென்று உள்ளே இழுபடும். பிறகு அந்தப் பக்கமிருந்து ஒரு விரல்நுனி எட்டிப் பார்க்கும். தொடக்கூடாது என்று தெரியும், ஆனாலும் தொடுவாள். சில்லென்று இருக்கும்.

"தண்ணியில வெளாண்டியாடி?"

"ம்."

"பெரியம்மா வையலயா?"

ஜெபத்தைத் தவிர அமலி அதிகம் பேசவில்லை. அதுவும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, வாய் ஓயாத பிள்ளை அவள். அதோடு நான்காவது பத்துக்குள் அமலி எப்போதும் தூங்கி வழிந்துவிடுவாள். இப்போது ஒருநாள்கூடத் தூங்கவில்லை.

ஜெசிந்தாவுக்குப் போன் போட்டால் பிள்ளை தூங்குகிறாள், குளிக்கிறாள் என்றே பதில் வரும். "போன்ல உன் கொரலக் கேட்டா ஏங்கிப் போறாடி. வேணாம்."

"சாயங்காலம் கதவுகிட்ட நல்லாத்தான்க்கா பதில் சொல்றா. ஒரு மணி விடல."

ஜெசிந்தா பின்னால் ஓடிய டிவி சத்தத்தைக் குறைத்தாள். பிறகு, "ஆமா ஆமா, நல்லாத்தான் சொல்றா," என்றாள்.

தினமும் மதியம் ஓர் ஆலோசனை மையத்திலிருந்து ஒரு பெண் கூப்பிடுவாள். தூக்கம் வருகிறதா, அழுகை வருகிறதா, ஆள் இல்லாத இடத்தில் பேச்சுச் சத்தம் கேட்கிறதா என்று வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரிக் கேட்பாள். அனிதா எல்லாவற்றுக்கும் இல்லை என்பாள். கடைசிக் கேள்விக்கு அவள் பொய் சொல்லவில்லை, அப்போது.

பதில் முந்திக்கொண்ட அந்தச் சாயங்காலத்துக்கு மறுநாள் காலையில் சுருளி வந்தார். தகரத்துக்கு மேலே பாலும் காய்கறியும் நீட்டுகிற பேரூராட்சிப் பணியாளர் அவர்.

"அண்ணே, அந்தப் பக்கம் மேலத்தெருவுல எங்க மூத்தார் வீட்டுக்கும் ஒரு பால் பாக்கெட் குடுத்துருங்க. பிள்ள இருக்கு."

சுருளி பையை நீட்டியபடியே நின்றார். "எந்த வீட்டுக்குத் தங்கச்சி?"

"லூர்துநாதன் வீட்டுக்கு."

"அங்கன ஏது ஆளு? உனக்குத் தகரம் அடிச்ச அன்னைக்கே கார் புடிச்சுப் பிள்ளையோட தேவாரத்துக்குப் போயிட்டாகளே. அந்தம்மா பொறந்த வீட்டுக்கு. பூட்டுத் தொங்குது, நான் தெனமும் பாக்குறேன்ல." அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. "உன்கிட்டச் சொல்லலியா?"

அனிதா பாலை வாங்கினாள். பாக்கெட் கை நழுவிக் கீழே விழுந்து உடைந்தது. சுருளி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், காதில் ஏறவில்லை.

முதலில் வந்தது பயம் இல்லை. ஆத்திரம்தான். தேவாரத்துக்குப் போட்ட போனை ஜெசிந்தா எடுக்கவில்லை, அமலிதான் எடுத்தாள். எடுத்தவுடன் அருவி மாதிரிக் கொட்டினாள்: இங்கே கன்றுக்குட்டி இருக்கிறது, மாமரம் இருக்கிறது, அம்மா எப்ப வருவே.

"அமலி, நீ அன்னையிலருந்து அங்கனதான் இருக்கியா?"

"ஆமா. பெரியம்மா சொல்லக் கூடாதுன்னு சொன்னாக. சொன்னா உனக்குக் காய்ச்சல் கூடிருமாம்."

"சாயங்காலம் ஜெபமாலை யாருகூடச் சொல்லுற?"

"சொல்லவே இல்லையே. இங்கன எல்லாரும் டிவி பாக்குறாக."

போன் கை மாறியது. ஜெசிந்தா ஒன்றும் அசரவில்லை. "எங்க உசுரும் உசுருதான அனிதா? ஒரே செவுரு. காத்து வராதா? உன் மனசு ஒடைஞ்சிரக் கூடாதேன்னுதான் மறைச்சோம். உன் புருஷனே அதத்தான் சொன்னாரு."

ஆண்டனியைக் கூப்பிட்டாள். அவன் வெகுநேரம் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தான். "அண்ணன் போறப்பவே சொன்னாக... நீ தனியா இருக்கோம்னு தெரிஞ்சா பயந்துருவ. தெருவுலயும் சொல்லி வச்சோம், யாரும் உன்கிட்ட மூச்சு விட வேணாம்னு."

தெருவுக்கே தெரியும். மாதா கோயிலின் தெரு ஜெபக்குழுவான அன்பியத்தின் வாட்ஸப்பில் 'உங்களுக்காக ஜெபிக்கிறோம்' என்று பூப்படம் போட்ட அத்தனை பேருக்கும் தெரியும். கட்டினவனுக்குத் தெரியும். நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டார்கள், அதுவும் அவள் நல்லதுக்காம்! அவள் போனைக் கட்டிலில் விட்டெறிந்தாள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லி வைதாள். பிள்ளையைப் பெற்ற தகப்பனிலிருந்து எல்லாரையும் வைதாள்.

வைது ஓய்ந்து உட்கார்ந்த பிறகுதான் பயம் வந்தது. வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். அந்த நுனியால்தான் தினமும் தொட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. அடுப்படியில் போய் மூலையில் உட்கார்ந்துகொண்டாள். வெளியே வெளிச்சம் இருந்தது. மேற்கே மலையில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தெருவில் ஒரு நாய் எதையோ உருட்டிக்கொண்டிருந்தது. வழக்கமான நேரம் வந்தது. போனது. எதுவும் கேட்கவில்லை. எல்லாம் என் மண்டைக் கோளாறுதான், தனியாகக் கிடந்து கிடந்து புத்தி எதையோ கட்டிவிட்டது என்று மூச்சு விட்டாள்.

"அம்மா."

கூடத்திலிருந்து. தரையோடு தரையாக.

"நீ ஆரம்பிம்மா."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். ஏன் போனாள் என்று கேட்காதீர்கள். அது அமலியின் குரல். இடுக்கில் விரல்நுனி தெரிந்தது. அடுத்தடுத்து வரிசையாக விரல்நுனிகள். கதவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும்.

"யாரு நீ?"

"எல்லாரும் போயிட்டாகம்மா," என்றது குரல். "நாந்தான் இருக்கேன்."

அதில் பொய் இல்லை.

கோணிச்சாக்கைத் தண்ணீரில் நனைத்துச் சுருட்டி இடுக்கில் அடைத்தாள். ஜெசிந்தாவைக் கூப்பிட்டுக் கொட்டினாள். பூட்டின வீட்டுக்குள் குரல் கேட்கிறது, கை தெரிகிறது, ஆளை அனுப்புங்கள்.

ஜெசிந்தா பதறவில்லை. மெதுவாக, நோயாளியிடம் பேசுகிற மாதிரிப் பேசினாள். "கொரல் கேக்குதா? சரி சரி. உன் மூத்தாரு அப்பவே சொன்னாக, தனியாக் கெடந்தா மனசு பேதலிச்சுப் போயிரும்னு. நீ நிதானத்துக்கு வர்ற வரைக்கும் பிள்ள இங்கனயே இருக்கட்டும். ரெண்டு மாசமோ, மூணு மாசமோ."

அனிதாவுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொன்னால் பிள்ளை கிடைக்காது.

"இல்லக்கா. சும்மா கோவத்துல சொன்னேன். எலியா இருக்கும்."

மறுநாள் மதியம் ஆலோசனைப் பெண் கூப்பிட்டாள். "ஆள் இல்லாத இடத்துல பேச்சுச் சத்தம் எதுவும் கேக்குதாங்க?"

கூடத்தில் சாக்குக்குப் பின்னால் யாரோ மெல்லச் சிரித்தார்கள். "இல்லங்க," என்றாள் அனிதா. "எதுவுமே கேக்கல. நான் நல்லாத்தான் இருக்கேன்." தினமும் அதையே சொன்னாள். தூங்கினேன் என்றாள், சாப்பிட்டேன் என்றாள். சாயங்காலமானால் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு அடுப்படியில் கிடந்தாள். பஞ்சுக்குள்ளும் மறுபாதி கேட்டது. அவள் முதல் பாதியைச் சொல்லாமலே, மணிக்கு மணி. சில நாள் அது அமலியின் குரலாக இல்லை. ஒரு பொம்பளைக் குரல். எங்கேயோ கேட்ட குரல். யாருடையது என்று பிடிபடவில்லை.

ஒருவழியாகத் தகரத்தைப் பிரித்தார்கள். அன்று காலையில் காப்பி மணத்தது அவளுக்கு. அவ்வளவு நாளைக்குப் பிறகு, நல்லாவே மணத்தது. எல்லாம் தீர்ந்தது என்று அதையே அடையாளமாக எடுத்துக்கொண்டாள். மறுநாள் விடிந்ததும் ராயப்பன்பட்டியில் அம்மா வீட்டுக்குப் போக ஆட்டோவும் ஊரடங்கு பாஸும் சொல்லி வைத்தாள். அதற்கப்புறம் இந்த வீட்டு வாசலை மிதிக்கப் போவதில்லை. ஒரே ஒரு சாயங்காலத்தைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான்.

லூர்துநாதன் மதியத்துக்கு மேல் காரில் வந்து அமலியைத் தெருமுனையிலேயே இறக்கிவிட்டார். மாஸ்க்குக்கு மேலே அவர் கண் அவளைப் பார்க்கவில்லை. "ஊரு சரியாகட்டும், அப்புறம் நாங்க வர்றோம்," என்றார். பூட்டின வீட்டை எட்டிப் பார்க்கக்கூட இல்லை. அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

அமலி அவள் மேல் வந்து மோதினாள். அனிதா அவளை மோந்து மோந்து பார்த்தாள். வெயில், மாம்பழம், பவுடர். அழுது தீர்த்தாள். "இனிமே உன்ன யாருகிட்டயும் விட மாட்டேன் ஆத்தா."

பிள்ளையைக் குளிப்பாட்டினாள், சோறு ஊட்டினாள், கட்டிலில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். சாக்கு அடைத்த இடுக்கு அடைத்தபடியே இருந்தது. வெயில் தாழ்ந்தது. அமலி பால் கேட்டாள். அடுப்படிக்கும் கூடத்துக்கும் என்ன தூரம்? அடுப்பைப் பற்றவைத்துப் பாத்திரத்தை ஏற்றினாள். பால் பொங்கிவந்தது.

பால் மணக்கவில்லை.

குனிந்து மோந்தாள். ஒன்றுமில்லை. பிறகு மணத்தது. ஈரமண். பழைய எண்ணெய்.

கூடத்தில் அமலி ஜெபமாலையின் முதல் பாதியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கணீரென்று, ஆசையாக. சொல்லி நிறுத்தினாள்.

மறுபாதி வந்தது.

அந்தப் பொம்பளைக் குரல். இப்போது தெரிந்துவிட்டது யாருடையது என்று. இருமி இருமிக் கம்மிப்போன குரல். கடையில் பில் போட்டுக்கொண்டு பேர் கூப்பிடுகிற குரல். அமலியைத் தூங்கவைக்கிற குரல்.

அவளுடைய குரல்.

ஓடினாள். சாக்கு நாலாக மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. அமலி இடைக்கதவின் முன்னால் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைச் சிமெண்டில் வைத்து, இடுக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அமலி, வாடி இங்கே என்று கத்தினாள் அனிதா. வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. காற்று மட்டும் வந்தது.

பிள்ளை தலையைத் திருப்பினாள். அனிதாவை மேலும் கீழும் பார்த்தாள். ஊருக்குப் புதுசாக வந்த ஆளைப் பார்க்கிற மாதிரி. பிறகு கதவுப் பக்கம் திரும்பி, ரகசியமாகச் சொன்னாள்:

"அம்மா, இங்கன யாரோ ஒரு ஆளு நிக்கிறாக."

"பயப்படாத ஆத்தா," என்றது அனிதாவின் குரல், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. "நாந்தான் இருக்கேன்ல. கையக் குடு."

ஒரு பிஸ்கட்தான் நுழையும் அந்த இடுக்கில். அமலியின் கை அதற்குள் முழங்கை வரை போயிருந்தது. இன்னும் போய்க்கொண்டிருந்தது. பிள்ளை சிரித்துக்கொண்டே இருந்தாள்.